பந்து பொறுக்கிய பையனும் கல்லூரிப் பயிற்றுநரும்



பழைய தோட்டங்களின் அமைப்பை நம்மில் வயதானவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோலசிலாங்கூரானாலும், புக்கிட் ரோத்தானானாலும், பத்தாங் பெர்ஜுந்தையானாலும், வடக்கே சபாக் பெர்ணம் வரைக்கும் போனாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். மேட்டின்மேல் பெரிய துரையின் பங்களா. சற்றுத் தள்ளிச் சின்ன துரையின் வீடு. அதற்கும் கீழே கிராணிமார் குடியிருப்பு. பிறகு ஆபீஸ், ஸ்டோர், பிரட்டுக்களம். எல்லாவற்றிற்கும் கடைசியில் லயன்கள். பங்களாவை ஒட்டியோ, துரைமார் மாலையில் கூடும் கிளப்பின் முன்னாலோ ஒரு டென்னிஸ் திடல் இருப்பதுண்டு. அந்தத் திடலில் புல்லை வெட்டியவர், உருளையை இழுத்துத் தரையைச் சமப்படுத்தியவர், சுண்ணாம்பால் கோடு போட்டவர் எல்லாரும் நம்மவர்கள். வேலிக்கு வெளியே போய் விழுந்த பந்தை ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். மட்டையைக் கையில் பிடித்து ஆடியவர்கள் மட்டும் வேறு மனிதர்கள்.

கால்பந்துக்கு லயன்களுக்கு எதிரே ஒரு திடல் போதும். ஒரே ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். டென்னிஸ் அப்படிப்பட்டதன்று. மட்டை வேண்டும், மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும், பந்து சில நாளில் துள்ளல் இழந்துவிடும், இவ்வளவும் சேர்ந்தாலும் ஒரு நேரத்தில் நால்வருக்குமேல் ஆட முடியாது. ஆகவே அது பணமும் ஓய்வும் உள்ளவர்களின் ஆட்டமாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பணம் மட்டுமே வேலியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. நமது வட்டாரத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதலாவது செம்பனைத் தோட்டத்தை வாணிக முறையில் தொடங்கினார். அதற்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1941-ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. சைக்கிளில் அமர்ந்து துரையைக் கடந்து போகவே உரிமை இல்லாதவருடைய மகன், துரையின் எதிர்ப்பக்கத்தில் மட்டையோடு நிற்பதை யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

இப்படிப்பட்ட வேலி மலாயாவில் மட்டுமே இருந்ததில்லை. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் அரிக்கிப்பா என்று ஒரு மலைநகரம் உண்டு. அங்குள்ள டென்னிஸ் கிளப்பில் திடல் காவலாளியாக வேலை பார்த்த ஒருவருக்கு 1936-ஆம் ஆண்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் அலெக்ஸ் ஒல்மேடோ. தந்தை திடலைச் சமப்படுத்துவார். மகன் பந்து பொறுக்குவான். திடல் காலியாகக் கிடக்கும் வேளையில் பையன் தானே ஆடிப் பழகினான். இது வரையில் அவன் கதைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளையின் கதைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதற்குப் பின்தான் வேறுபாடு வருகிறது. பெருவின் தலைநகரான லீமாவில் பயிற்சி அளித்துவந்த அமெரிக்கர் ஒருவர் அவனுடைய ஆட்டத்தைக் கண்டு, கலிபோர்னியாவுக்குப் போகும்படி தூண்டினார். பதினேழு வயதில், ஆங்கிலம் சரிவரத் தெரியாத நிலையில், ஒல்மேடோ அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். டென்னிஸ் சாமான் விற்கும் கடையில் வேலை. இரவில் ஆங்கில வகுப்பு. பிறகு மொடெஸ்டோ என்னும் ஊரில் ஓர் இளநிலைக் கல்லூரி. அதன் பின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆடவர் டென்னிஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர்தான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட ஜார்ஜ் டோலி.

டோலியின் பெயர் நம்மவர்களுக்கு அதிகம் அறிமுகமானதன்று. அவர் விம்பிள்டன் வென்றவர் அல்லர். லாஸ் ஏஞ்சலஸ் டென்னிஸ் கிளப்பில் சம்பளத்துக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்தபடியே 1954-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக அணியின் பொறுப்பை ஏற்றார். 1980-ஆம் ஆண்டு வரையில், அதாவது 26 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்தக் காலத்தில் அவருடைய அணி மற்றக் கல்லூரிகளோடு ஆடிய ஆட்டங்களில் 430-இல் வென்றது, 92-இல் தோற்றது, நான்கு சமநிலையில் முடிந்தன. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய வெற்றியாளர் பட்டத்தைப் பத்து முறை பெற்றது. முதற்பட்டம் 1955-இல், கடைசிப் பட்டம் 1976-இல், அதே நகரத்துப் போட்டிப் பல்கலைக்கழகத்தோடு பகிர்ந்துகொண்டது. 1966 முதல் 1969 வரையில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வேறு எவரும் அந்தப் பட்டத்தைத் தொட முடியவில்லை.

கல்லூரிப் பயிற்றுநர் என்றால் என்ன வேலை என்பதை இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் பயிற்சி என்பது பெரும்பாலும் வகுப்பு ஆசிரியர் ஒருவர் மாலை நேரத்தில் விசில் எடுத்துக்கொண்டு திடலுக்கு வருவதுதான். அமெரிக்காவில் அது ஒரு முழு உத்தியோகம். அந்த நாட்டுக் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். யாருக்குத் தருவது என்று தேடிப்பார்த்துச் சொல்வது பயிற்றுநரின் பொறுப்பு. ஆட்டம் நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ப் பார்ப்பார், கடிதம் எழுதுவார், பெற்றோரோடு பேசுவார். பையன் வந்து சேர்ந்த பிறகு அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. வகுப்பில் தேறாதவனை அணியில் ஆட விடுவதில்லை. ஆகவே பையன் படிக்கிறானா என்பதையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தின் முறையும் கவனிக்கத்தக்கது. இரண்டு கல்லூரிகள் மோதும்போது, ஒவ்வோர் அணியிலும் ஆறு பேர் தனியாட்டம் ஆடுவார்கள். மூன்று ஜோடிகள் இரட்டையர் ஆட்டமும் ஆடும். முதலாம் இடத்தில் ஆடும் ஆட்டக்காரன் பெயர் பத்திரிகையில் வரும். ஆனால் ஆறாம் இடத்தில் ஆடுபவன் பெறும் வெற்றிக்கும் அதே ஒரு புள்ளிதான். பேர் போன இருவரை மட்டும் கவனித்துக்கொண்டு மற்ற நால்வரையும் விட்டுவிடும் பயிற்றுநர் தோற்றுப்போவார். தேசியப் பட்டத்துக்கு 1976 வரையில் வேறு முறை இருந்தது. எல்லாக் கல்லூரி ஆட்டக்காரர்களும் ஓரிடத்தில் கூடித் தனித்தனியாகப் போட்டியிடுவார்கள். அவர்கள் பெறும் வெற்றிகளைக் கூட்டித்தான் அணிக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1977-இல்தான் அணியும் அணியும் நேருக்குநேர் மோதும் முறை வந்தது. டோலியின் பத்துப் பட்டங்களும் பழைய முறையில் பெற்றவையே.

ஒல்மேடோ அவரிடம் வந்து சேர்ந்தபின் நடந்தவை வேகமாக நடந்தன. 1956-இலும் 1958-இலும் கல்லூரிகளுக்கிடையிலான தேசியத் தனியாட்டப் பட்டம் அவருக்கே கிடைத்தது. 1958-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டி. அமெரிக்க அணியில் ஒல்மேடோவைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரு நாட்டுக்காரர் அமெரிக்காவுக்கு ஆடுவதா என்று அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே சிலர் எதிர்த்து எழுதினார்கள். அப்போது பெருவுக்கு டேவிஸ் கிண்ண அணி கிடையாது. அவரோ சில ஆண்டுகளாக அமெரிக்காவிலேயே வசித்துவந்தார். ஆகவே விதிமுறை இடம்கொடுத்தது. போட்டியில் அமெரிக்கா பெற்ற மூன்று வெற்றிகளிலும் அவருடைய கை இருந்தது. இரண்டு தனியாட்டங்களையும் வென்றார். ஹாம் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தையும் வென்றார். எதிர்த்து எழுதிய பேனாக்கள் அதன் பிறகு சிறிது ஓய்வெடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு, 1959-இல், ஆஸ்திரேலியப் பட்டத்தையும், இறுதியாட்டத்தில் ராட் லேவரைத் தோற்கடித்து விம்பிள்டன் பட்டத்தையும் அவர் பெற்றார். காவலாளியின் மகன் உலகத்தின் முதல்வரிசை ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

இந்தக் கதையை ஒரேயடியாக இனிப்பாக்கிச் சொல்வதும் சரியன்று. அதே 1959-இல், ஒரு போட்டியில் மனம் வைத்து ஆடவில்லை என்று குற்றம் சாட்டி அமெரிக்க டென்னிஸ் சங்கம் ஒல்மேடோவைச் சில காலம் விலக்கிவைத்தது. புகழோடு வரும் தொல்லைகளும் அவருக்கு வந்தன. லாஸ் ஏஞ்சலஸ் டென்னிஸ் உலகமும் எல்லாருக்கும் கதவைத் திறந்துவைத்திருந்த இடமன்று. அங்கே பெரி ஜோன்ஸ் என்பவர் இளைஞர் போட்டிகளையெல்லாம் தம் கைப்பிடியில் வைத்திருந்தார். மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளையான பஞ்சோ கொன்சாலெஸ், பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதற்காக அவர் இளைஞர் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தார். அந்தக் கொன்சாலெஸ்தான் பிறகு 1948-இலும் 1949-இலும் அமெரிக்கப் பட்டத்தை வென்றவர். அதே பெரி ஜோன்ஸ்தான், 1958-இல் அணித் தலைவராக இருந்து, ஒல்மேடோவை அமெரிக்க அணியில் ஆடவைத்தவரும்! ஒருவருக்கு அடைத்த கதவை இன்னொருவருக்குத் திறந்தார். இரண்டுக்கும் இடையில் என்ன வேறுபாடு? ஒல்மேடோவுக்குப் பின்னால் ஒரு கல்லூரி இருந்தது; அந்தக் கல்லூரியில் அவருக்காகப் பேசக்கூடிய பயிற்றுநர் ஒருவர் இருந்தார். கொன்சாலெஸுக்கு அப்படி யாரும் இருந்ததில்லை என்பதே நமது கருத்து.

மட்டை வாங்கக் காசில்லாத பிள்ளை எல்லா ஊரிலும் இருக்கிறான். அவனிடம் திறமை இருக்கிறதா என்று பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒரு மனிதர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. நமது தோட்டங்களில் பந்து பொறுக்கிய பிள்ளைகளிடையே எத்தனை ஒல்மேடோக்கள் இருந்தார்களோ! துரைக்கு அது வேலையன்று. கிராணிக்கும் அது வேலையன்று. ஐந்தாறு வகுப்புகளையும் ஒருவராகவே மேய்த்துக்கொண்டிருந்த தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு அதற்கு நேரமும் கிடையாது.

டோலி ஒரே ஒரு பையனை உருவாக்கிவிட்டு நின்றுவிடவில்லை. அவருடைய கைக்குள் வந்து போனவர்களின் வரிசை நீளமானது. மெக்சிகோவிலிருந்து ரஃபேல் ஒசூனா வந்தார். ஆங்கிலம் அதிகம் பேசத் தெரியாமல் வந்த பையன். வணிக நிர்வாகம் படித்துப் பட்டமும் பெற்றார். 1960-இல் ஒசூனாவும், அப்போது பதினேழே வயதான டென்னிஸ் ரால்ஸ்டனும் (மனிதருக்குப் பெயரே அப்படி!) ஜோடி சேர்ந்து, யாரும் எதிர்பாராத வகையில் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். ஒசூனா 1962-இல் கல்லூரித் தனியாட்டப் பட்டத்தையும், 1963-இல் அமெரிக்கப் பட்டத்தையும் பெற்றார். மெக்சிகோ நாட்டவர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 1969-இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். ரால்ஸ்டன் 1963-இலும் 1964-இலும், பாப் லட்ஸ் 1967-இலும், ஸ்டான் ஸ்மித் 1968-இலும் கல்லூரித் தனியாட்டப் பட்டம் பெற்றார்கள். ஸ்டான் ஸ்மித்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. சிறுவனாக இருந்தபோது டேவிஸ் கிண்ணப் போட்டி ஒன்றுக்குப் பந்து பொறுக்கும் வேலை கேட்டுப் போனாராம். கையும் காலும் ஒழுங்காக ஓடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்! பந்து பொறுக்கவும் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டவர் 1972-இல் விம்பிள்டன் வெற்றியாளர் ஆனார்.

சரி, இந்தக் காலத்தில் நம் இனத்தவர் எங்கே இருந்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். அங்கே கல்லூரியும் பயிற்றுநரும் செய்த வேலையை, தமிழ்நாட்டில் ஒரு குடும்பமே செய்துகொண்டிருந்தது. தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்த டி. கே. ராமநாதன் தாமும் தேர்ந்த ஆட்டக்காரர். தம் மகன் கிருஷ்ணனுக்குத் தாமே பயிற்றுநரானார். 1937-இல் பிறந்த அந்த மகனைத்தான் உலகம் ராமநாதன் கிருஷ்ணன் என்று அறிந்தது. பந்தைப் பலங்கொண்ட மட்டும் அடிப்பதைவிட, எதிரியால் எட்ட முடியாத இடம் பார்த்து மெல்ல வைப்பதே கிருஷ்ணனின் வழி. அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பலத்தைப் பற்றிப் பேசவில்லை. கையின் நயத்தைப் பற்றியே பேசினார்கள்.

தந்தையின் பயிற்சி எவ்வளவு சிறந்ததானாலும், அதை வெளியே கொண்டுவர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை ஒரு கல்லூரிதான் கொடுத்தது. சென்னை லயோலாக் கல்லூரியில் பெர்ட்ராம் பெயரால் ஒரு போட்டி நடந்துவந்தது. கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. 1951-இல் கிருஷ்ணன் பள்ளிச் சிறுவன். விதியைக் காட்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். சிறுவன் கல்லூரி இளைஞர்களோடு ஆடினான், போட்டியையே வென்றுவிட்டான். மூன்றாண்டுகளில், 1954-இல், ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரைத் தோற்கடித்து விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைப் பெற்றார். ஆசியச் சிறுவர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரையில் சென்றார். 1961-இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர்செட்டுகளில் வீழ்த்தினார். ராமநாதனின் பணி மகனோடும் முடியவில்லை. பேரன் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் பாட்டனாரின் பயிற்சி கிடைத்தது. 1979-இல் ரமேஷும் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் தந்தையும் மகனும் பெற்ற இரண்டு பட்டங்களுக்கும் பின்னால் ஒரே ஆசிரியரின் கை இருந்தது.

இந்த இரண்டு வழிகளும், சென்னைக் குடும்பத்தின் வழியும் கலிபோர்னியாக் கல்லூரியின் வழியும், ஆடுகளத்தில் சந்தித்துக்கொண்டதுண்டு. 1959-ஆம் ஆண்டு விம்பிள்டனில் மூன்றாம் சுற்றில் கிருஷ்ணனுக்கு எதிரே நின்றவர் ஒல்மேடோ. தந்தையிடம் பயின்ற தமிழர் ஒரு பக்கம். காவலாளியின் மகனாகப் பிறந்து கல்லூரிப் பயிற்றுநரிடம் தேறியவர் மறுபக்கம். அன்று ஒல்மேடோ வென்றார். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே போயிற்று. அதே ஆண்டு டேவிஸ் கிண்ணப் போட்டியில் கிருஷ்ணன், விம்பிள்டன் இறுதியாட்டம் வரை வந்த ராட் லேவரைத் தோற்கடித்துத் தம் தரத்தைக் காட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது சந்திப்பு நம் சென்னையிலேயே நடந்தது. 1962-ஆம் ஆண்டில் மெக்சிகோ அணி, அமெரிக்காவையும் மற்ற நாடுகளையும் வென்றுகொண்டு, இந்தியாவோடு மோதச் சென்னைக்கு வந்தது. இதில் வெல்பவர் ஆஸ்திரேலியாவை எதிர்த்து இறுதிப் போட்டிக்குப் போகலாம். கிருஷ்ணனின் சொந்த ஊர்க் கூட்டம்; பழகிய வெயில்; பழகிய தரை. என்றாலும் மெக்சிகோ ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றுவிட்டது. அந்த அணியின் முன்னணி வீரர் யார்? அதே ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் வென்றிருந்த ஒசூனா. அணித் தலைவர் யார்? ஃபிரான்சிஸ்கோ கொந்திரேராஸ்; 1956-இல் ஒல்மேடோவின் ஜோடியாகக் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்றவர். இருவரும் டோலியின் மாணவர்கள். டோலி சென்னைப் பார்வையாளர்களின் முன் வந்து நிற்கவில்லை. ஆனால் அன்று சென்னை ரசிகர்களை வாடவைத்த தோல்வியில் அந்த அமெரிக்கப் பயிற்றுநருக்கும் பங்குண்டு.

இந்தியா அந்தத் தோல்வியோடு ஓய்ந்துவிடவில்லை. 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் செட்டுகளில் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் இரண்டுக்கு ஐந்து என்று தோல்வியின் விளிம்பில் நின்ற கிருஷ்ணன், அங்கிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப் போட்டிக்குப் போயிற்று. மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது.

நாளடைவில் இந்தியர்களும் அமெரிக்கக் கல்லூரி வழியைக் கண்டுகொண்டார்கள். 1970-களில் சசி மேனன் டோலியின் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து ஆடினார். டேவிஸ் கிண்ணப் போட்டிகளில் இந்தியாவுக்கும் ஆடினார். சென்னையில் 1985-இல் அமிர்தராஜ் குடும்பத்தினர் ஒரு பிஸ்கட் நிறுவனத்தின் துணையோடு இளைஞர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தேர்ந்தெடுத்த பிள்ளைகளைத் தங்கவைத்து, பள்ளிக்கும் அனுப்பி, பயிற்சியும் அளித்தார்கள். ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் சென்னையில் இடம் கிடைத்தது அப்போதுதான். கல்கத்தாவைச் சேர்ந்த லியாண்டர் பயஸ் அங்கே பயின்று 1990-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார்.

பின்னாளில் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தலைமைப் பயிற்றுநர் பிரையன் போலண்ட். சோம்தேவ் பெரிய உருவமும் இல்லாதவர். இடிபோன்ற சர்வீஸும் இல்லாதவர். ஆனால் ஓடிக்கொண்டே இருப்பார், பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். 2006-இல் கல்லூரித் தனியாட்ட இறுதியில் தோற்றார். 2007-இலும் 2008-இலும் வென்றார். 2008-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஆடிய 45 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோல்வி. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனியாட்டத் தங்கம் பெற்றார். சோம்தேவ் படித்துத் தேறிப் போன பிறகுதான் போலண்டின் அணிக்குத் தேசியப் பட்டம் கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை. 2013-இல் முதல் பட்டம்; பிறகு 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று. அந்த நான்காவது பட்டத்தோடு அவர் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்க டென்னிஸ் சங்கத்துக்குப் பணியாற்றப் போனார்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. எங்கள் வரிப்பணத்திலும் நன்கொடையிலும் நடக்கும் கல்லூரிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் உபகாரச் சம்பளம் என்று அமெரிக்கப் பெற்றோர் கேட்டுவருகிறார்கள். அவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்ட பயிற்றுநர்கள் பையனின் படிப்பைக் கவனிக்காமல் விட்டதும் உண்டு. காயம்பட்டு ஆட முடியாமற்போன மாணவனின் கதி என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. ஆகவே நம் பிள்ளைகளில் யாருக்கேனும் அப்படி ஒரு கடிதம் வந்தால், ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. உபகாரச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு, காயம் ஏற்பட்டால் அது நிற்குமா, எந்தப் பாடத்தில் பட்டம் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டத்துக்குப் பரிசுப்பணம் வாங்கியிருந்தால் கல்லூரி அணியில் இடம் கிடைப்பதில் சிக்கல் உண்டா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் எந்தப் பயிற்றுநராலும் ஒருவரைச் சேர்க்க முடியாது. ஆட்டம் நன்றாக வருகிறது, எஸ்.பி.எம். எதற்கு என்று எண்ணுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நமது வட்டாரமும் முன்போல் இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயன்களில் இருந்த குடும்பங்கள் பட்டணத்துக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்துவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. முதலாவது செம்பனைத் தோட்டம் தோன்றிய அந்தப் பக்கத்திலேயே இன்று சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. துரை பங்களாக்களும் அவற்றின் திடல்களும் பல இடங்களில் காடு மண்டிப் போயின.

டோலி 1980-இல் ஓய்வுபெற்று, 2008-இல் காலமானார். அவருடைய மாணவர் ஒல்மேடோ 1960-இல் பணத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். அக்காலத்து விதிப்படி விம்பிள்டன் போன்ற போட்டிகளில் அதன் பிறகு பல ஆண்டுகள் அவரால் ஆட முடியவில்லை. அவரும் பயிற்றுநரானார். கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் ஓட்டலிலுள்ள டென்னிஸ் திடலில் பல்லாண்டு காலம் ஆட்டம் கற்றுக்கொடுத்துவந்தார். அங்கே வந்து கற்றவர்களில் சினிமா நட்சத்திரங்களும் பெருஞ்செல்வர்களும் இருந்தார்கள். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், 84-ஆம் வயதில் அவர் மறைந்தார்.